விலை குறைந்த மின்ரம்பம் வாங்கலாமா?

ஒரு முழு ப்ளைவுட் பலகை எட்டு அடி நீளம், நான்கு அடி அகலம். அதைக் கைரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தால் தோள் விட்டுப்போகும். மின்ரம்பம் சில நிமிடங்களில் அறுத்துவிடும். ஆனால் நல்ல ரம்பத்தின் விலை அதிகம். விலை குறைந்தது நேராக அறுக்குமா? கொடுத்த காசுக்கு உழைக்குமா?

நம் நாட்டில் பல ஊர்களில் தச்சர்கள் மலிவாக வாங்குவது மர ரம்பமே அல்ல. அது மார்பிள் கட்டர். கல்லும் டைல்ஸும் அறுப்பதற்கான சிறிய இயந்திரம். சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் நான்கு அங்குல மர பிளேடை மாட்டி அறுக்கிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து உண்டு. மர ரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதிக்கு ஒரு மூடி இருக்கும். அறுக்கும்போது அது விலகும். ரம்பத்தைத் தூக்கியதும் ஸ்பிரிங் இழுத்துத் தானே மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் இது கிடையாது. கல் அறுக்கும் பிளேடுக்குப் பல் இல்லை. மர பிளேடுக்குப் பல் உண்டு. இயந்திரமோ நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று வரை சுற்றுகிறது. அறுத்த இடைவெளி இறுகிப் பிளேடைக் கவ்வினால், இயந்திரம் நம்மை நோக்கித் துள்ளும். அப்போது கையையோ தொடையையோ காக்க ஒன்றுமில்லை. சிலர் இதைத் தலைகீழாகப் பலகையில் பொருத்தி அறுக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

ஆகவே கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, மூடி உள்ள ஏழு அங்குல மர ரம்பமாகவே வாங்குங்கள். அதிலும் மலிவானவை உண்டு. அவற்றில் மோட்டார் பெரும்பாலும் ஓடிவிடும். குறை இருப்பது அடித்தகட்டில்தான். மெல்லிய தகரமாக இருந்தால் ஒருமுறை கீழே விழுந்தாலே வளைந்துவிடும். பிறகு எந்த வெட்டும் நேராக வராது.

கடையிலேயே இதைச் சோதிக்கலாம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிளேடைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். ஆடினால் வேண்டாம். அடுத்து, பிளேடின் ஒரு பல்லில் அடையாளம் வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் கொண்டுவந்து, தகட்டின் ஓரம் வரை அளவெடுங்கள். அதே பல்லைப் பின்பக்கம் திருப்பி மறுபடி அளவெடுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேடு கோணலாக நிற்கிறது. அப்படிப்பட்ட ரம்பம் மரத்தைக் கருக்கும், சிக்கிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டுப் பலகையைக் குறுக்கே அறுங்கள். இரண்டு துண்டையும் சமமான மேசைமேல் வையுங்கள். ஒன்றை மட்டும் குப்புறப் புரட்டி, அறுத்த முகங்களை ஒட்டிப் பாருங்கள். மேலேயோ கீழேயோ சந்து தெரிந்தால் பிளேடு செங்குத்தாக இல்லை. தெரியும் சந்து உண்மையான பிழையைப் போல் இரண்டு மடங்கு. எனவே சிறு கோணலும் கண்ணுக்குத் தப்பாது. சாய்வுத் திருகைத் தளர்த்தி, மூலைமட்டம் வைத்துச் சரிசெய்யலாம்.

மிச்சம் பிடித்த பணத்தில் நல்ல பிளேடு வாங்குங்கள். இது என் அனுபவத்தில் கண்டது: மலிவான ரம்பமும் நல்ல பிளேடும் சேர்ந்தால், விலை உயர்ந்த ரம்பத்தில் மழுங்கிய பிளேடு செய்வதைவிட நல்ல வேலை நடக்கும். ப்ளைவுட்டுக்குப் பல் அதிகமுள்ள பிளேடு, கட்டை மரத்தை நீளவாக்கில் அறுக்கப் பல் குறைந்தது. பிளேடில் எழுதியிருக்கும் சுற்று எண், இயந்திரத்தின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது.

கண்ணால் கோட்டைப் பார்த்து ஓட்டினால் எந்த ரம்பமும் அலையும். நேரான சட்டம் ஒன்றைக் கிளாம்பால் இறுக்கி, அதை ஒட்டி ஓட்டுங்கள். பல் கீழிருந்து மேலே அறுப்பதால், பலகையின் நல்ல முகம் கீழே இருக்கட்டும்.

கருவி வாங்க உதவியும் உண்டு. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தில், தச்சர் உள்ளிட்ட 18 வகைத் தொழிலாளருக்குக் கருவிக்காக 15,000 ரூபாய் வரை அறிவிக்கப்பட்டது. அது உங்கள் மாநிலத்தில் நடக்கிறதா என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.