முதுமையும் யோகப் பயிற்சியும்

முதுமை நோயன்று. ஆயினும், ஆண்டுகள் ஏற ஏறத் தசைகள் மெலிகின்றன, மூட்டுகள் இறுகுகின்றன, உடலைச் சமநிலையில் நிறுத்தும் ஆற்றல் குன்றுகின்றது. இவற்றின் விளைவாக நேரும் பெருந்துன்பம் விழுதல் ஆகும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர், பிறர் துணையின்றி மீண்டும் நடமாடுவது அரிதாகிவிடுகின்றது.

வன்னிப் பெருநிலத்தில் இதன் பொருள் மிகப் பெரிது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழ் நெல் விளைவித்தோர் பலர், வயலிற் குனிந்தே வாழ்நாளைக் கழித்தவர்கள். 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் ஊர்விட்டு ஊர் அலைந்தவர்கள். பிள்ளைகள் கடல் கடந்து வாழும் வீடுகளில், தாமே எழுந்து கிணற்றடிக்கும் கோயிலுக்கும் செல்லும் வலிமையே அவர்களுக்குற்ற செல்வம்.

"உழைத்த உடம்புக்குப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் வினவலாம். உழைப்பு சில தசைகளையே ஒரே வகையில் இயக்குகின்றது. யோகமோ முதுகெலும்பையும் மூட்டுகளையும் பல திசைகளிலும், மூச்சோடு இசைத்து, மெல்ல இயக்குகின்றது. முதியோரின் சமநிலையும் கால் வலிமையும் இதனால் மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இக்கலை தமிழருக்குப் புதியதன்று. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விளக்கியுள்ளார். 1888 முதல் 1989 வரை வாழ்ந்து, சென்னையில் யோகம் பயிற்றிய கிருஷ்ணமாச்சாரியார், அவரவர் வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்பவே பயிற்சி அமைதல் வேண்டும் என்னும் நெறியைக் கைக்கொண்டார்.

ஆகவே, முதியோர் தலைகீழாய் நிற்கவேண்டுவதில்லை. உறுதியான நாற்காலியில் அமர்ந்து கைகளை உயர்த்தித் தாழ்த்துதல், கையூன்றாது எழுந்து அமர்தல், சுவரைப் பற்றியவாறு ஒரு காலில் சிறிது நேரம் நிற்றல், மூச்சை உள்ளிழுப்பதிலும் மெதுவாக வெளிவிடுதல் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். வெறுவயிற்றோடு, காலை வெயில் ஏறுமுன் பயில்வது நன்று. முதல் நாட்களில் ஒருவர் அருகிருத்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் தேவை. உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உடையோர் மூச்சை அடக்கலாகாது. கண் அழுத்த நோயுடையோர் தலையைத் தாழ்த்தும் ஆசனங்களைத் தவிர்த்தல் வேண்டும். எலும்புத் தேய்வுடையோர் முன்புறம் மிகக் குனியலாகாது. வலி தோன்றின் நிறுத்துதல் வேண்டும். இவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெற்றே தொடங்குதல் நலம். யோகத்தை நம்பி மருந்தைக் கைவிடுதல் தவறு.

சமநிலைப் பயிற்சியை முதியோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் செய்யவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. திண்ணையும் ஒரு சுவரும் போதும்.