சமையலறையிலிருந்து சந்திர மண்டலத்துக்கு!

இஸ்திரிப் பெட்டி ஆகாயத்தில் பறந்து போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதைத் துரத்திக்கொண்டு, ரொட்டி வாட்டும் யந்திரம் ஒன்று சீறிப் பாய்ந்து வருவதைக் கண்டதுண்டா? சிரிக்காதீர்கள்! 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட 'ஹார்ட்வேர் வார்ஸ்' என்ற குட்டிப் படத்தில் இவைதாம் ஆகாயக் கப்பல்கள்!

அதற்கு முந்தின வருஷந்தான் ஜார்ஜ் லூகாஸின் 'ஸ்டார் வார்ஸ்' வெளியாகி உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. நட்சத்திரங்களுக்கிடையே யுத்தம், ஒரு ராஜகுமாரி, யந்திர மனிதர்கள், ஒளி வாள்கள்! அந்தப் படத்துக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். எர்னி ஃபோசீலியஸ் என்பவரோ, அதைக் கேலி செய்து 13 நிமிஷப் படம் ஒன்றை ஏறக்குறைய 8,000 டாலரில் முடித்துவிட்டார். யந்திர மனிதன் வேண்டுமா? தூசி உறிஞ்சும் 'வாக்குவம் கிளீன'ரைக் கொண்டு வா! ஒளி வாளா? இருக்கவே இருக்கிறது டார்ச் லைட்! ராஜகுமாரியின் காதோரக் கொண்டைகளுக்கு? பன் ரொட்டி!

லூகாஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டுமே என்கிறீர்களா? அதுதான் இல்லை. தம் படத்தைக் கேலி செய்தவற்றில் தமக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார்.

இம்மாதிரிப் படங்களை 'ரஸிகர் படம்' என்கிறார்கள். ஒரு கதையிடம் மோகம் கொண்டவர்கள், "முதலாளி எடுத்தது போதாது, நாமே இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்ப்போமே!" என்று கிளம்பிவிடுவதன் பலன். கையில் காசு இராது; ஸ்டூடியோ இராது; பெயர் பெற்ற நட்சத்திரங்கள் இரார். ஆனால் எடுக்க ஆசைப்படுவதென்னவோ விஞ்ஞானக் கதை! வேறு கிரகம் வேண்டும், ராக்கெட் வேண்டும், ஆயிரம் வருஷத்துக்கு அப்பாலுள்ள பட்டணம் வேண்டும். இது எப்படிச் சாத்தியம்?

பாதி வேலை பார்க்கிறவருடையது

இதற்கு விடை உங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவிலேயே இருக்கிறது, சகோதரிகளே! முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணில் பதித்துத் தெப்பக்குளம் ஆக்குகிறீர்கள். கேழ்வரகை முளைக்கப் போட்டு வயல் ஆக்குகிறீர்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வருகிற அம்மாள், "இது கண்ணாடி அல்லவா?" என்று கேட்கிறாரா? "அடடா, குளம் எவ்வளவு அழகு!" என்றுதானே சொல்கிறார்? பாதிக் குளத்தை நீங்கள் வெட்டினீர்கள். மீதிக் குளத்தை அந்த அம்மாள் தம் மனசினால் வெட்டிக்கொண்டார்.

ரஸிகர் படத்தின் ரகசியமும் இதுவேதான். பார்க்கிறவர் வெறுமே டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்காருகிறவர் அல்ல. அவரும் ஒரு கூட்டாளி. இந்தக் கூட்டாளிகளுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை முதலில் உலகுக்குக் காட்டியவர்களில் ஒரு பெண்மணியும் இருந்தார்.

அமெரிக்க டெலிவிஷனில் 1966-இல் தொடங்கிய விஞ்ஞானத் தொடர் 'ஸ்டார் ட்ரெக்'. 'என்டர்பிரைஸ்' என்ற விண்கப்பலும், அதன் காப்டன் கிர்க்கும், கூர்மையான காதுகளுள்ள ஸ்பாக்கும் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சுற்றி வருகிற கதை. இரண்டாவது வருஷத்தோடு அதை நிறுத்திவிடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. பீஜோ டிரிம்பிள் என்ற கலிபோர்னியாப் பெண்மணி, கணவர் ஜானுடன் சேர்ந்து ஒரு கடிதப் படையெடுப்பைத் தொடங்கினார். தெரிந்தவர்களுக்கெல்லாம் எழுதி, அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு எழுதி, என்.பி.சி. கம்பெனியின் வாசலில் கடித மூட்டைகள் குவிந்தன. லட்சத்துக்கு மேல் வந்ததாகக் கம்பெனியே கணக்குச் சொன்னது. 1968 மார்ச்சில், "தொடர் நிற்காது" என்று டெலிவிஷனிலேயே அறிவித்துவிட்டார்கள்! 1969-இல் அது நின்றுபோனது உண்மைதான். ஆனால் மூன்றாவது வருஷம் என்று ஒன்று கிடைத்தது அந்தத் தபால் தலைகளின் தயவால்.

இரண்டே அறை; ஏழு வருஷம்

அந்தத் தொடரின் மோகம் கடல் கடந்து பின்லாந்துக்கும் போயிற்று. அங்கே தாம்பரே என்ற நகரம். 1992-இல் சமுலி தோர்சோனென் என்ற பள்ளிக்கூடப் பையன் கம்ப்யூட்டரில் கோணல்மாணலாகப் படம் வரைந்து, ஒரு சிறு கேலிச் சித்திரம் செய்தான். பெயர், 'ஸ்டார் ரெக்'. 'ட்ரெக்' என்றால் நெடும் பயணம். 'ரெக்' என்றால் உடைந்து நாசமாய்ப் போன கப்பல்! காப்டன் கிர்க் இதிலே காப்டன் பிர்க் ஆனார். பிறகு வந்த 'ஸ்டார் ட்ரெக்' தொடரிலே 'டேட்டா' என்று ஒரு யந்திர மனிதன் உண்டு. அவன் இங்கே 'இன்ஃபோ' ஆனான்.

பையன் வளர்ந்தான், பைத்தியமும் கூடவே வளர்ந்தது. நண்பர்கள் சேர்ந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சில குட்டிப் படங்கள் வந்தன. கடைசியில் முழு நீளப் படமே எடுப்பதென்று துணிந்தார்கள். டைரக்டர், தீமோ வுவோரென்சோலா. காப்டன் பிர்க் வேஷம் தோர்சோனெனுக்கே. ஸ்டூடியோ எது தெரியுமா? இரண்டு அறைகள் கொண்ட ஒரு சாதாரண வீடு!

விண்கப்பலை அந்த வீட்டுக்குள் எப்படி நுழைத்தார்கள்? சுவரிலே ஒரு நீலத் திரையைத் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னால் நடிகர் நின்று வீராவேசமாகப் பேசுவார். பிறகு கம்ப்யூட்டரானது படத்தில் நீலம் இருக்கிற இடத்தையெல்லாம் அழித்துவிட்டு, அங்கே கப்பலின் உட்புறத்தை ஒட்டிவிடும். மனிதத் தோலில் நீலம் கிடையாதல்லவா? ஆகவே மனிதர் பிழைத்துக்கொள்வார். மறதியாக அதே நீலத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போச்சு! உடம்பு மாயமாகித் தலை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்!

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிஷக் காட்சிக்கு 1,500 படங்கள். விண்கப்பல்கள் மோதுகிற காட்சி என்றால், அந்த 1,500-ஐயும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாக வரைந்து தீர வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டர்களோ அந்தக் காலத்தில் மாட்டு வண்டி வேகத்தில் போகிறவை. படம் முடிய ஏழு வருஷம் ஆயிற்று என்றால் ஆச்சரியப்படுவதற்கில்லை. ஏழு வருஷம்! முதல் காட்சியின்போது பிறந்த குழந்தை, படம் வெளியாகும்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும்.

அத்தனை நாளும் அவர்களைத் தளராமல் தாங்கியவர்கள் ரஸிகர்கள். வேலை எவ்வளவில் இருக்கிறதென்று இன்டர்நெட் மூலம் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வந்தார்கள். நடிக்க ஆள் வேண்டுமா, வந்தார்கள். உதவிக்குக் கை வேண்டுமா, நீட்டினார்கள். முன்னூறு பேருக்குக் குறையாமல் அந்தப் படத்தில் கை வைத்திருக்கிறார்கள். மொத்தச் செலவு 15,000 யூரோ அளவில்தான்.

2005 ஆகஸ்டு 20-ஆம் தேதி தாம்பரே நகரில் முதல் காட்சி. அதே வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் வைத்துவிட்டார்கள். சில மாதங்களுக்குள் பல லட்சம் பேர் எடுத்துப் பார்த்தார்கள். பின்னிஷ் பாஷை தெரியாதவர்களுக்காக, ரஸிகர்களே தத்தம் பாஷையில் வசனத்தை எழுதிச் சேர்த்தார்கள். 'இலவசமாகக் கிடைக்கிறதே, யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?' என்று கேட்கத் தோன்றுகிறதா? வாங்கினார்கள்! இலவசமாகப் பார்த்து ரஸித்தவர்களே தட்டுகளை விலைக்கு வாங்கினார்கள். பின்லாந்தின் டெலிவிஷன் அதை ஒளிபரப்பியது. பெரிய விநியோகஸ்தர்களும் தேடி வந்தார்கள்.

473 துண்டுகள்

பார்க்கிறவர்களையே படம் எடுக்கிறவர்கள் ஆக்கிவிட்டார் இன்னொருவர். கேஸி ப்யூ என்ற அமெரிக்க இளைஞர், 2009-இல் பழைய 'ஸ்டார் வார்ஸ்' படத்தை 15 விநாடி வீதம் 473 துண்டுகளாக்கி, "ஆளுக்கு ஒரு துண்டு, உங்களுக்குத் தோன்றியபடி எடுத்து அனுப்புங்கள்" என்றார். அட்டைப் பெட்டிக்குள் குழந்தையை உட்கார்த்தி ராக்கெட் என்றார் ஒருவர். பொம்மைகளை ஆட்டி யுத்தம் என்றார் மற்றொருவர். எல்லாவற்றையும் ஒட்டிப் பார்த்தால் முழுப் படம்! ஒரு காட்சியில் கதாநாயகன் கிழவர், அடுத்த காட்சியில் சிறுமி, அதற்கடுத்ததில் வெறும் சித்திரம்! ஆனாலும் கதை தட்டுக்கெடவில்லை. தெரிந்த கதை அல்லவா? 2010-இல் அந்த முயற்சிக்கு 'எம்மி' பரிசே கிடைத்தது.

கதை யாருடையது?

இதுவரை எல்லாம் கல்யாண வீட்டுச் சந்தோஷந்தான். இனி, சம்பந்திச் சண்டைக்கு வருவோம்.

'ஸ்டார் ட்ரெக்' பின்னணியில் 'ஆக்ஸனார்' என்ற ரஸிகர் படம் எடுக்கப் போவதாகச் சிலர் அறிவித்தார்கள். மாதிரிக்கு 2014-இல் ஒரு குறும்படம் வந்தது. பிரமாதமாக இருக்கிறதென்று ரஸிகர்கள் பணத்தைக் கொட்டினார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. கதைக்கு உரிமையாளர்களான ஸி.பி.எஸ்., பாரமவுண்ட் கம்பெனிகள் 2015 டிசம்பரில் வழக்குத் தொடுத்தன. "அன்பினால் செய்கிறோம்" என்றது ஒரு கட்சி. "அன்பு உங்களுடையது, சொத்து எங்களுடையது" என்றது மறு கட்சி. 2017 ஜனவரியில் ராஜி ஆயிற்று.

இதற்கு நடுவே, 2016 ஜூனில், 'ஸ்டார் ட்ரெக்' ரஸிகர் படங்களுக்கு அந்தக் கம்பெனிகள் விதிகள் போட்டன. ஒரு கதை 15 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பாகமானால் மொத்தம் 30 நிமிஷம். வசூல் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது. லாபம் பார்க்கக் கூடாது. நடிப்பவர்கள் சம்பளத்துக்கு வந்தவர்களாக இருக்கக் கூடாது. பலருக்கு மனசு ஒடிந்துவிட்டது. பத்து வருஷமாக நீண்ட கதைகளை எடுத்து வந்தவர்கள் கடையைக் கட்ட வேண்டியதாயிற்று.

ஆனால் அவர்களில் ஒருவர் வேறு வழி கண்டார். நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் காலி, பழைய 'என்டர்பிரைஸ்' கப்பலின் உட்புறத்தை அச்சு அசலாகக் கட்டி, 2004 முதல் ரஸிகர் படங்கள் எடுத்து வந்தவர். பழைய தொடரில் நடித்த ஜார்ஜ் டகேயே அவர் படம் ஒன்றில் வந்து நடித்திருக்கிறார். காலி வம்புக்குப் போகவில்லை. கம்பெனியிடம் அனுமதி வாங்கி, அந்த அரங்கங்களை டைகாண்டரோகா என்ற ஊரில் மக்கள் வந்து பார்க்கும் காட்சிசாலை ஆக்கிவிட்டார்!

இன்னொரு கதை பணத்தைப் பற்றியது. 'ஸ்டார் ரெக்' எடுத்த அதே பின்லாந்து நண்பர்கள், இம்முறை இரவல் கதை வேண்டாமென்று சொந்தக் கதையாகவே 'அயர்ன் ஸ்கை' என்ற படத்தை எடுத்தார்கள். நாஜிகள் சந்திரனின் மறுபக்கத்தில் ஒளிந்திருந்து பூமியின்மேல் படையெடுக்கிறார்களாம்! செலவு 75 லட்சம் யூரோ. அதில் ஒரு பங்கு ரஸிகர்கள் கொடுத்தது. 2012-இல் பெர்லின் திரைப்பட விழாவில் வெளியாயிற்று. இரண்டாம் பாகம் 2019-இல் வந்தது, ஓடவில்லை. மறு வருஷமே கம்பெனி திவாலாகிவிட்டது. பிரியத்தினால் பங்கு வாங்கியிருந்த ரஸிகர்களின் பணமும் அதோடு போயிற்று.

இரண்டு அறை வீட்டில் 15,000 யூரோவுடன் தோற்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. "போனால் போகிறது" என்று சிரித்திருப்பார்கள். பிறர் பணம் கூடக் கூடப் பொறுப்பும் கூடுகிறது. சீட்டுப் பிடிக்கிற எந்த அம்மாளுக்கும் இது தெரிந்த விஷயந்தான். பணத்தை விட, கொடுத்தவர் மனசில் இருக்கும் நம்பிக்கைதான் முதல். மாதா மாதம் கணக்குச் சொல்ல வேண்டும். தாமதமானால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடியாததை ஒப்புக்கொள்ளக் கூடாது.

உங்கள் வீட்டில் ஒரு காப்டன்

இப்போது டெலிபோனிலேயே காமிரா வந்துவிட்டது. நாளைக்கே உங்கள் பெண்ணோ பிள்ளையோ, "அம்மா, விண்கப்பல் படம் எடுக்கப் போகிறோம்!" என்று வந்து நிற்கலாம். விரட்டாதீர்கள். பழைய நீலப் போர்வை இருந்தால் கொடுங்கள். சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். சுருக்கத்தில் நிழல் விழுந்தால் கம்ப்யூட்டர் குழம்பிப் போகும். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாமென்று சொல்லுங்கள். முகம் மங்கினாலும் குற்றமில்லை, பேச்சுக் காதில் விழ வேண்டும் என்று சொல்லுங்கள். கதை பிறருடையதானால், அவர்கள் பெயரைப் போட்டு, காசு பண்ணாமல், அவர்கள் விதித்த எல்லைக்குள் எடுக்கட்டும். சொந்தக் கதையானால் இன்னும் உத்தமம்.

படம் முடிந்ததும் பத்துப் பேரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்துப் பேர் எங்கே சிரித்தார்கள், எங்கே கொட்டாவி விட்டார்கள் என்று குழந்தைகள் கவனிக்கட்டும். குறை சொன்னவரிடம் முகத்தைத் தூக்கிக்கொள்ளாமல், "அடுத்த படத்துக்கு நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ளட்டும். தாம்பரே நகரத்துப் பையன் முன்னூறு பேரைச் சேர்த்தது இப்படி ஒவ்வொருவராகத்தான்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியை ஆகாயத்தில் பறக்கவிடுவதற்கு முன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டார்களா என்று நீங்களே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்!