விருந்துக்குப் பிறகு வரும் வலி வாயுதானா?

விருந்துச் சாப்பாடு முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடிக்கும் வலியை வாயு என்று நினைத்துப் பலர் சோடா குடித்துச் சமாளிக்கிறார்கள். அது பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அதில் ஒரு பகுதி பித்தப்பையில் தங்கிக் கெட்டியாகிறது. கரையக்கூடிய அளவை கொலஸ்ட்ரால் தாண்டினால், பாகில் சர்க்கரை பூப்பதுபோலப் படிகமாகிக் கல்லாகும். பட்டினி கிடந்து வேகமாக எடை குறைப்பவர்களுக்கும் இது வரும்.

கொழுப்புணவு சிறுகுடலை எட்டியதும் ஒரு ஹார்மோன் பித்தப்பையைச் சுருக்குகிறது. அப்போது கல் பையின் வாயிலில் சிக்கினால் வலி. அது வலது தோள்பட்டைக்கும் பரவும். நழுவிப்போய்ப் பொதுப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சள் காமாலை. சிறுநீர் கறுக்கும், மலம் வெளுக்கும். இன்னும் கீழே, கணைய நாளம் வந்து சேரும் இடத்தில் சிக்குவதுதான் மிகக் கொடியது. கணையத்தின் செரிமான நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கும்.

தொந்தரவு தராத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். வலி திரும்பத் திரும்ப வந்தால் பித்தப்பையை அகற்றுவார்கள். அது இல்லாமலும் செரிமானம் நடக்கும். காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடுவது நம் வழக்கம். குழாயில் சிக்கிய கல்லை எந்தப் பச்சிலையும் எடுக்காது. காமாலையோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.