பூந்தமல்லி நம்பியும் ஒரு வாழையிலையும்

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்குத் தனிச் சன்னதி உண்டு. 11ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வைசியக் குடும்பத்தில் பிறந்தவர். காஞ்சி வரதருக்குப் பூ கொண்டுபோனவர். பிறகு அங்கேயே ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர்.

இளம் ராமானுஜர் அவரை விருந்துக்கு அழைத்த நிகழ்ச்சியைக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. நம்பி உண்ட மிச்சத்தை உண்பதே ராமானுஜரின் ஆசை. அவர் வெளியே போயிருந்தபோது நம்பி வந்தார், சாப்பிட்டார், கிளம்பிவிட்டார். நம்பி பிராமணர் அல்லாதவர் என்பதால், மனைவி தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தைச் சுத்தம் செய்து, குளித்து, மறுபடி சமைத்தார். திரும்பிவந்த கணவர் நொந்துபோனார்.

அந்த அம்மாளைக் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை. வழிவழியாக வந்த ஆசாரத்தைத்தான் அவர் காத்தார். ராமானுஜர் பிடித்துக்கொண்டதும் அதே சமயத்தைத்தான், ஆனால் அதன் பக்தியை. ஒரே மதம், இரண்டு கட்டளைகள். எது சரி என்று தேர்ந்தெடுக்க, எதிரே இருக்கும் மனிதரின் மதிப்பை எடைபோடும் அறிவு வேண்டியிருந்தது.

கிட்டத்தட்ட 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் பிளேட்டோவும் 'யூத்திஃப்ரோ' நூலில் இதையே தொட்டார்: தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் விரும்புகின்றனவா?

காஞ்சியில் அந்தக் கேள்வி ஒரு சாப்பாட்டு இலையில் வந்து நின்றது. இலையில் உண்டவரை இன்று எல்லாச் சாதியினரும் கைகூப்பி வணங்குகிறார்கள்.