பஞ்சாயத்துக் கணினிக்கு ஒரு நீர்க்கட்டி

தமிழகத்தின் 12,525 கிராமப் பஞ்சாயத்துகளையும் கண்ணாடி இழைவடத்தால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கமாகும். ஆனால் வடம் வாசல்வரை வந்தால் மட்டும் போதாது. பல்லாவரத்தை அடுத்த சிற்றூராயினும் தொலைதூரக் குக்கிராமமாயினும், அலுவலகக் கணினியின் இணைப்பு ஒழுங்காக இருந்தால்தான் வரி ரசீது மக்கள் கைக்குத் தாமதமின்றிச் சேரும்.

வலையில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனி எண் முகவரி அவசியம். அதனைக் கையால் பதித்தால், இரண்டு கணினிகளுக்கு ஒரே எண் அமைந்து வேலை தடைப்படக்கூடும். ஆகவே, இப்பொறுப்பைக் கணினியின் பின்னணிச் சேவையிடம் ஒப்படைப்பதே நலம். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்னும் சேவை இதனைக் கவனிக்கிறது.

ஏரிப் பாசனத்திற்கு நீர்க்கட்டி எப்படியோ, கணினிக்கு இச்சேவை அப்படி. கணினி இயங்கத் தொடங்கியதும் இது ரௌட்டரிடமிருந்து முகவரியைக் குத்தகையாகப் பெறுகிறது. தவணையில் பாதி கழிந்ததும் புதுப்பிக்க முயல்கிறது. வடம் கழன்றாலும், மீண்டும் மாட்டியவுடன் தானே இணைக்கிறது.

நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஒரு மடைக்கு இரு காவலர் ஆகாது. அதே இணைப்பை 'சிஸ்டம்டி-நெட்வொர்க்டி' போன்ற வேறொரு சேவையும் நிர்வகித்தால், ஒன்று செய்ததை மற்றொன்று மாற்றிவிடும். இரண்டாவது, அச்சுப்பொறிக்கு மாறாத முகவரியை ரௌட்டரிலேயே ஒதுக்க வேண்டும். மூன்றாவது, செய்த அமைப்புகளைத் தேதியுடன் பதிவேட்டில் குறிக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தனியே பூட்டி வைக்க வேண்டும்.

செயலர் மாறலாம், அலுவல் நிற்கலாகாது. அடுத்த கூட்டத்திலேயே உறுப்பினர்கள் இப்பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பார்களாக!