தந்தையார் விட்டுச் சென்ற கார்: திருத்துவதா, கைவிடுவதா?

காணியையும் வீட்டையும் எவ்வாறு பங்கிடுவது என்பதற்கு எமது சமூகங்களில் வழக்கங்களும் சட்டங்களும் உள்ளன. கொட்டிலில் நிற்கும் பழைய காருக்கு அவ்வாறான வழக்கம் எதுவும் இல்லை. வெளிநாட்டிலுள்ள மகன், அது அப்பாவின் கார், என்ன செலவானாலும் திருத்துங்கள் என்கின்றார். ஊரிலுள்ள மகனோ அதனை இடத்தை அடைத்து நிற்கும் இரும்பு என்கின்றார். இருவரும் வண்டியின் கீழே குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். வடக்கு, கிழக்கு, மன்னார், புத்தளம் என எங்கும் மொரிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் இவ்வாறு தீர்ப்புக்காகக் காத்து நிற்கின்றன. 2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீள அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை உயர்ந்ததால், இக்குடும்பப் பிணக்குகளும் கூடின என்றே சொல்ல வேண்டும்.

இத்தகைய காரைப் பார்ப்பவர் முதலிற் கேட்பது, எத்தனை மைல் ஓடியிருக்கின்றது என்பதாகும். இக்கேள்விக்குப் பெறுமதி மிகக் குறைவு. அக்காலப் பிரித்தானியக் கார்களின் மைல் அளவியில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 ஐத் தாண்டியதும் அது மீண்டும் பூச்சியத்திற்கு வந்துவிடும். வாடகைக் காராக ஓடிய வண்டி எத்தனை தடவைகள் அவ்வாறு சுற்றி வந்ததோ யார் அறிவார்? அளவியின் கம்பி அறுந்து, அது பல ஆண்டுகள் அசையாதிருந்திருக்கவும் கூடும்.

யாழ்ப்பாணத்துக் கார்களைப் பொறுத்தவரையில் மைல்களைவிட, அவற்றை எதனைக் கொண்டு ஓட்டினார்கள் என்பதே முக்கியமானது. 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை காரணமாகக் குடாநாட்டில் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. சிறு போத்தலில் இருந்த பெற்றோலைச் சில துளிகள் கார்பரேற்றரினுள் பீச்சி எஞ்சினை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எஞ்சினுள் எரிபொருள் அமுக்கப்படும் அளவு அக்கார்களிற் குறைவு என்பதாலேயே இது சாத்தியமாயிற்று. புதிய வண்டிகள் நின்றுவிட்ட வேளையில் இக்கிழட்டு வண்டிகளே நோயாளரையும் கர்ப்பிணிகளையும் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றன.

அதற்கான விலையை எஞ்சின் செலுத்தியது. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாவதில்லை. எரியாமல் எஞ்சுவது சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிற் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே வடிந்து, அங்குள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்கின்றது. பிஸ்டன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேய்கின்றன. வால்வுகளிலும் பிளக்குகளிலும் கரி படிகின்றது. ஆகவே அக்காலத்தில் ஓடி, பின்னர் முற்றாகத் திருத்தப்படாத எஞ்சினை, எவ்வளவு இனிமையாக இரைந்தாலும் நம்ப முடியாது. ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை 2002 இல் நிறுத்தப்பட்டமை இன்னொரு மாற்றமாகும். வால்வு அமரும் இடங்களை அந்த ஈயமே பாதுகாத்து வந்தது. எஞ்சினைப் பிரிப்பதானால், அங்கு கடினமான இருக்கை வளையங்களைப் பொருத்திவிடுவது நன்று.

இவ்வளவும் இருந்தும், எஞ்சின் பழுது என்பதற்காக ஒரு காரைக் கைவிட வேண்டியதில்லை என்பதே எமது கருத்தாகும். மொரிஸ் மைனரின் 948, 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின்கள் சாதாரண குடும்பத்திற்கு மட்டும் உரியவையாக இருக்கவில்லை. அதே எஞ்சின் வகையே எம்.ஜி. மிட்ஜெற் என்ற சிறிய விளையாட்டுக் காரிலும் பொருத்தப்பட்டது. 2000 ஆம் ஆண்டுவரை உற்பத்தியான மினி காரும் அவ்வகை எஞ்சினிலேயே ஓடியது. 1957 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-55 கேம்பிரிட்ஜின் 1489 கன சென்ரிமீற்றர் எஞ்சினுக்கு எம்.ஜி.ஏ. விளையாட்டுக் காரின் எஞ்சின் நெருங்கிய உறவாகும். இதனால் உதிரிப் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. எஞ்சினுக்கு ஆகும் செலவு பெரிதாயினும், அதனை முன்கூட்டியே கணக்கிட முடியும்.

கணக்கிட முடியாதது தகரம். மொரிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை; உடலே வண்டியைத் தாங்குகின்றது. கதவின் கீழ் விளிம்பு, தளம், பின் வில்தகடுகள் பொருந்தும் இடம் ஆகியவை துருப்பிடித்துவிட்டால் வண்டியின் முதுகெலும்பே உளுத்துவிட்டது எனலாம். கடலோர உவர்க்காற்றில் பல்லாண்டுகள் நின்ற வண்டியில் இது பெரும்பாலும் நடந்திருக்கும். பளபளப்பான பெயின்றைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரு சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் வைத்துப் பாருங்கள். அது ஒட்டாவிடின் அங்கிருப்பது தகரமன்று, பூச்சுப்பசையாகும். பின்னர் திருப்புளியால் தளத்தைக் கீழிருந்து அழுத்துங்கள். உள்ளே இறங்குமாயின் வெல்டிங் வேலை எங்கே முடியும் என்பதைக் கராஜ்காரராலும் சொல்ல முடியாது. துருவை வெட்ட வெட்ட அடுத்த துரு வெளிப்படும். திருத்தத்திற்குப் பிரித்த கார்கள் பல, பிரித்தபடியே கராஜ் மூலையிற் கிடப்பதற்கு இதுவே காரணம்.

முன்சில்லுகளைத் தாங்கும் திருகு இணைப்புகளையும் பார்க்க வேண்டும். தவறாது கிறீஸ் இடப்படாத மொரிஸ் மைனரில் அவை தேய்ந்து, ஓடும்போதே சில்லு சாய்ந்துவிடும். பிறேக்கிற்கும் ஒரேயொரு குழாய்ச் சுற்றே உண்டு. ஓரிடத்திற் கசிந்தால் நான்கு சில்லுகளிலும் பிடிமானம் போய்விடும். காரைச் சும்மா ஒரு தரம் ஓட்டிப் பார்ப்போம் என்று இளைஞர்கள் புறப்படுவது இதனால் உயிராபத்தானது.

தகரத்திற்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது பதிவுப் புத்தகமாகும். யுத்த காலத்தில் வண்டிகள் பெயர் மாற்றமின்றியே கைமாறின. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தமது வாகனங்களையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் கொட்டிலில் வண்டியையும் பெட்டகத்தில் ஆவணங்களையும் விட்டே நடந்தார்கள். எனவே புத்தகத்தில் உள்ள பெயர் தந்தையாருடையது அல்லவாயின், அப்பெயருக்கு உரியவர் யார், அவரது பிள்ளைகள் எங்கிருக்கின்றார்கள் என்று விசாரிப்பதே முதல் வேலை. அது புத்தளத்திலோ கொழும்பிலோ வாழும் ஒரு குடும்பமாக இருக்கலாம். அவர்களுக்கும் அது தந்தையாரின் கார்தான். அவர்களது இணக்கமின்றிச் செலவிடும் பணம் சட்டப்படியும் நிலைக்காது, நியாயப்படியும் நிலைக்காது. பெயர் தந்தையாருடையதாகவே இருப்பினும், வாரிசுகள் அனைவரதும் சம்மதத்துடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமையை மாற்றிய பின்னரே கராஜுக்கு அனுப்ப வேண்டும். திருத்தி முடிந்த பின்னர்தான் பங்குக்காரர் தோன்றுவார்கள்.

உரிமை தெளிவாகி, தளமும் உறுதியாக இருந்தால், எமது அபிப்பிராயத்தில் அக்கார் திருத்தத் தகுந்ததே. செலவிட்ட பணம் விற்கும்போது திரும்பும் என்று எவரும் எண்ணி இறங்கக் கூடாது. நாளாந்தம் வேலைக்குச் செல்லும் வாகனமாகவும் அதனைக் கருத முடியாது. பெயின்றில் தொடங்காமல் பிறேக், சில்லு இணைப்புகள், மின்கம்பிகள், எஞ்சின் என்ற ஒழுங்கில் வேலை செய்விப்பது நல்லது. பணம் அனுப்பும் சகோதரர், முழுத் தொகையையும் ஒரே தடவையில் அனுப்பாமல், ஒரு வேலை முடிந்ததைப் படத்தில் பார்த்த பின்னர் அடுத்ததற்கு அனுப்பலாம்.

தளம் உளுத்திருந்தால், அந்தக் காரை அதே வகைக் கார் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அதன் கியர்ப்பெட்டியும் கதவுக் கண்ணாடிகளும் இன்னொரு வண்டியை வீதியில் வைத்திருக்கும். சுக்கானையோ முன்பக்கச் சின்னத்தையோ கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வதற்கு வாங்குபவர் மறுப்புச் சொல்வது அரிது.