கூழ் தள்ளும் திருகு பம்பு: கை வைக்கும் முன்னே



கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழ சீசன் வந்தாச்சுன்னா, மாங்கூழ் கம்பெனி வேலைக்கு நம்ம பெண்கள் நிறையப் பேர் போகிறோம். பழம் கழுவுவது, தரம் பிரிப்பது மட்டுமா? ஷிப்டு முடிந்தபின் மெஷினைக் கழுவுவதும் பல இடங்களில் நம் கைக்குத்தான் வருகிறது. அதில் திருகு பம்பைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

கிணற்று மோட்டாரில் விசிறி சுற்றித் தண்ணீரை வீசும். கெட்டியான கூழை அப்படி வீச முடியாது. அதனால் இந்தப் பம்பில் முறுக்கிய இரும்புத் தண்டு ஒன்று, முறுக்கு வெட்டிய ரப்பர் குழலுக்குள் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கூழ் அடைபட்டு, அப்படியே முன்னே நகர்ந்து போகும். பிரான்ஸ் நாட்டு ரெனே முவானோ 1930 வாக்கில் கண்டுபிடித்தது இது.

இதுக்கு ரெண்டு குணம். ஒன்று, தள்ளிக்கொண்டே இருக்கும். வெளியே போகிற வால்வு மூடியிருந்தாலும் நிற்காது. அழுத்தம் ஏறி பைப் ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும். சூடான கூழ் மேலே பட்டால் என்ன ஆகும்னு சொல்லவே வேண்டாம். ஆகவே வால்வைத் திறந்துவிட்டுத்தான் சுவிட்ச். இரண்டாவது, காய்ந்து ஓடக் கூடாது. கூழோ தண்ணீரோதான் ரப்பருக்கு வழவழப்பு. அது இல்லாமல் ஓடினால் சில நிமிஷத்திலேயே ரப்பர் கருகிவிடும். கிரீச்சென்று சத்தம் வந்தாலோ, கூழில் கறுப்பாக ரப்பர் துணுக்கு தெரிந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்கிற பேச்சே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம். சில பம்புகளுக்கு மேலே அகலமான வாய் இருக்கும். அடியில் திருகு சுற்றும். ஓரத்தில் ஒட்டின கூழைக் கையால் வழிக்கத் தோன்றும். ஓடும்போது கையோ கரண்டியோ கூடவே கூடாது. முந்தானையை இழுத்துச் செருகுங்கள், வளையலைக் கழற்றிவிடுங்கள்.

கழற்றிக் கழுவும்போது பட்டனை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் போர்டு அந்தப் பக்கம் இருக்கும். அடுத்த ஷிப்டு ஆள் தெரியாமல் தட்டிவிடுவார். எலக்ட்ரீஷியனை வைத்து மெயினை அணைத்து ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி, அந்த ஃபியூஸை நம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டுப் போடுகிற போர்டாக இருந்தால் சாவி நம் இடுப்பில். பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளணும். கரண்ட் இல்லாவிட்டாலும் மேலே ஏறுகிற பைப்பில் நிற்கும் கூழ், தண்டைப் பின்பக்கமாகச் சுற்ற வைக்கும். இது பலருக்குத் தெரியாது. இரு பக்க வால்வையும் மூடி, வடிகுழாயைத் திறந்து அழுத்தம் போனபின்தான் போல்ட்டைத் தொட வேண்டும்.

சுற்றும் பாகத்தால் ஆபத்து இருந்தால், மெஷினைச் சுத்தம் செய்யும் வேலையில் பெண்களை விடக் கூடாது என்று 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-வது பிரிவே சொன்னது. ஆக, "ஃபியூஸைக் கொடுங்க" என்று சூப்பர்வைசரிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

மாதக்கணக்கில் சும்மா நின்ற பம்பில் ரப்பர் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். சீசன் முதல் நாள் ஃபிட்டர் கரண்ட் இல்லாமல் சுற்றிப் பார்த்து, உள்ளே தண்ணீர் நிரப்பின பிறகே ஓட்டணும். மூடியும் தண்டு மறைப்பும் மாட்டியாச்சா, ஸ்பேனர் எதுவும் உள்ளே கிடக்கிறதா, வால்வு திறந்திருக்கா என்று பார்த்தபின், ஃபியூஸை யார் வாங்கி வைத்தாரோ அவர் கையால்தான் அது திரும்பிப் போக வேண்டும்.